பால்வீதியின் நடுவில் பத்தாயிரம் கருந்துளைகளா? பார்த்தது எத்தனை, கணக்கில் வந்தது எத்தனை?

கோபிசெட்டிபாளையத்தில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கும் மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார்: "நம் பால்வீதியின் மையத்தில் பத்தாயிரம் கருந்துளைகள் இருக்கின்றன என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். கருந்துளையிலிருந்து ஒளியே வராது என்றால் எப்படி எண்ணினார்கள்? எக்ஸ் கதிர் இரட்டை விண்மீன்கள் என்ற பேச்சும் வந்தது. அவை ஏன் நடுவில் போய்க் குவிகின்றன? இதைச் செமினாருக்கு எடுக்கலாமா?"

தாராளமாக எடுக்கலாம் அம்மணி. ஆனால் அந்த வீடியோ மூன்று வெவ்வேறு எண்களை ஒரே மூச்சில் சொல்லிவிட்டது போலிருக்கிறது. அதை முதலில் பிரித்து வைத்துக்கொள்ளுங்க. கண்ணால் பார்த்தது, அதாவது தொலைநோக்கியில் பதிவானது, பன்னிரண்டு மங்கலான புள்ளிகள். அந்தப் பன்னிரண்டை வைத்து நீட்டிக் கணக்கிட்டால் வருவது சில நூறு இரட்டை விண்மீன்கள். பத்தாயிரம், இருபதாயிரம் என்பது அதற்கும் அடுத்த படி: துணை இல்லாமல் இருட்டில் தனியாகச் சுற்றிக்கொண்டிருக்கும் கருந்துளைகள். இந்த மூன்றாவது எண்ணை எந்தத் தொலைநோக்கியும் நேரடியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அது வாய்க்கு வந்த எண் கிடையாது. பன்னிரண்டிலிருந்து பத்தாயிரத்துக்கு எப்படிப் போகிறார்கள் என்பதுதான் இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. உங்கள் செமினாருக்கும் அதுவே முதுகெலும்பாக இருக்கட்டும்.

இடத்தை முதலில் காட்டிவிடுகிறேன். பால்வீதியின் மையம் தனுசு ராசிப் பக்கம், விருச்சிகத்தின் எல்லையை ஒட்டி இருக்கிறது. கேட்டையின் செந்நிறத்தையும், விருச்சிகத்தின் வால் நுனியில் இருக்கும் மூலத்தையும் அடையாளம் தெரிந்தால் போதும். மூலத்துக்கு வடகிழக்கே பத்து டிகிரிக்குள் மையம். நம் கொங்கு நாடு ஏறக்குறைய 11 டிகிரி வடக்கு அட்சரேகையில் இருக்கிறது, மையம் வான்கோளத்தில் 29 டிகிரி தெற்கே. கழித்துப் பார்த்தால், உச்சம் கொள்ளும்போது தெற்குத் தொடுவானத்திலிருந்து 50 டிகிரி உயரத்தில் நிற்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் அது தொடுவானத்தை விட்டு நன்றாக மேலே ஏறுவதே இல்லை. நமக்குக் கிடைத்திருப்பது நல்ல இடம். ஆடியில் முன்னிரவிலேயே அது உயரத்தில் நிற்கும், ஆனால் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் மேகமும் விடாது. அதனால் சித்திரையில் விடியற்காலை நாலு மணி வாக்கில், தாளவாடி மாதிரி வெளிச்சம் குறைந்த பக்கம் போய்ப் பார்ப்பதே நல்லது. தாராபுரம், உடுமலைப் பக்கம் காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் கண்ணைப் பறிக்கும்.

அப்படிப் பார்த்தாலும் தெரிவது மையம் ஆகாது. நமக்கும் மையத்துக்கும் நடுவில் சுமார் 27,000 ஒளியாண்டு தூரம். அந்த வழி முழுக்கத் தூசும் வாயுவும். மையத்திலிருந்து கிளம்பும் கட்புலன் ஒளியில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் நம்மிடம் வந்து சேர்கிறது. ரேடியோ அலை, அகச்சிவப்பு, சற்று ஆற்றல் கூடிய எக்ஸ் கதிர் ஆகியவை மட்டும் அந்தத் தூசைத் தாண்டி வரும். நம் பக்கத்திலேயே நீலகிரி முத்தொரையில் 1970 முதல் இயங்கும் ரேடியோ தொலைநோக்கி, 530 மீட்டர் நீளம் உள்ளது, மலைச்சரிவு அந்த இடத்தின் அட்சரேகையான 11 டிகிரிக்குப் பொருந்துகிறது என்பதற்காகவே அங்கே கட்டப்பட்டது. நிலா பால்வீதி மையத்தை மறைத்துக் கடந்தபோது அந்தப் பகுதியை ரேடியோவில் வரைந்த தொடக்க கால வேலைகளில் ஒன்று அங்கே நடந்தது. எக்ஸ் கதிருக்கு மட்டும் தரையில் வழியில்லை, காற்று மண்டலம் அதை உறிஞ்சிவிடும். செயற்கைக்கோள்தான் வேண்டும்.

மையத்தில் உட்கார்ந்திருப்பது சஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் என்னும் பெருங்கருந்துளை. எடை சூரியனைப் போல் சுமார் 43 லட்சம் மடங்கு. எஸ்2 என்ற விண்மீன் அதை 16 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றிவருவதைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்துதான் இந்த எடையைக் கண்டார்கள். ரைன்ஹார்ட் கென்செலுக்கும் ஆண்ட்ரியா கெஸுக்கும் 2020இல் நோபல் கிடைத்தது அதற்குத்தான். நீங்கள் கேட்ட பத்தாயிரத்தில் இது சேராது. நாம் பேசப்போவது சூரியனைப் போல் ஐந்து, பத்து, பதினைந்து மடங்கு எடை உள்ள சின்னக் கருந்துளைகளைப் பற்றி. பெரிய விண்மீன்கள் எரிந்து தீர்ந்த பிறகு மிஞ்சியவை அவை.

இனி எக்ஸ் கதிர் இரட்டைக்கு வருவோம். இதை நிதானமாகப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக வரும்.

இரண்டு விண்மீன்கள் ஒன்றையொன்று சுற்றுகின்றன. ஒன்று ஆயுள் முடிந்து சுருங்கி, கருந்துளையாகவோ, ஒரு ஊர் அளவுக்குச் சுருங்கிய நியூட்ரான் விண்மீனாகவோ ஆகிவிட்டது. மற்றது இன்னும் சாதாரண விண்மீன், பெரும்பாலும் சூரியனை விடச் சின்னது. இரண்டும் மிக நெருக்கமாக வந்துவிட்டால் சாதாரண விண்மீனின் வடிவம் கண்ணீர்த்துளி போல இழுபடும். அந்தத் துளியின் கூர்முனையில் இரண்டு ஈர்ப்பும் சமன்படும் ஒரு புள்ளி உண்டு. விண்மீனின் வாயு அந்தப் புள்ளியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிகிறது. நேராக விழ முடியாது, ஏனென்றால் சுற்று வேகம் இருக்கிறது. அதனால் ஒரு வட்டாகச் சுழன்று, உராய்ந்து, சூடேறி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறங்குகிறது. வட்டின் உள்விளிம்பில் வெப்பநிலை ஒரு கோடி டிகிரியைத் தொடும். அந்தச் சூட்டில் வருவதுதான் எக்ஸ் கதிர். ஆக, ஒளி கருந்துளைக்கு உள்ளேயிருந்து வரவில்லை. விழப்போகும் வாயு, விழுவதற்கு முன்னால் விடும் ஒளி அது. உங்கள் கேள்வியின் முதல் முடிச்சு இங்கே அவிழ்கிறது.

எவ்வளவு ஆற்றல் என்று கேட்டால் வியப்பாக இருக்கும். சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாக மாறும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. நியூட்ரான் விண்மீன்மேல் விழும் வாயு தன் நிறையில் பத்து சதவீதத்துக்கும் மேல் ஆற்றலாக விட்டுவிடும். அணுக்கரு இணைவைத் தோற்கடிக்கும் அடுப்பு அது. இந்த வகை முழு வீச்சில் எரியும்போது சூரியனைப் போலப் பல்லாயிரம் மடங்கு ஒளிர்வை எக்ஸ் கதிரிலேயே கொட்டும்.

ஆனால் முழு வீச்சில் எரிவது எப்போதாவதுதான். இங்கேதான் கணக்கின் சூட்சுமம் இருக்கிறது, கவனிங்க. வட்டில் வாயு சேர்ந்துகொண்டே இருக்கும். ஹைட்ரஜன் குளிர்ந்து நடுநிலையில் இருக்கும்வரை உள்ளே இறங்கும் வேகம் மிகக் குறைவு. போதுமான அளவு சேர்ந்து சூடேறி ஹைட்ரஜன் அயனியானதும், வட்டின் உராய்வு சட்டென்று கூடி, தேங்கியிருந்த வாயு மொத்தமும் சில வாரங்களில், மாதங்களில் உள்ளே பாய்கிறது. அதுவே வெடிப்பொளிர்வு. அப்புறம் மறுபடி அடங்கிவிடும். அடங்கிய நிலையில் ஒளி ஒரு லட்சத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். ஏ0620−00 என்ற கருந்துளை இரட்டை 1917இல் ஒருமுறை ஒளிர்ந்தது, பிறகு 1975இல்தான். நடுவில் 58 ஆண்டு மௌனம். வி404 சிக்னி 1938, 1989, 2015 ஆகிய ஆண்டுகளில் வெடித்தது. நியூட்ரான் விண்மீன் உள்ள இரட்டைகள் பொதுவாக இதைவிட அடிக்கடி எழும். அக்விலா எக்ஸ்-1 ஏறக்குறைய வருஷத்துக்கு ஒருமுறை எழுகிறது. இந்த வேறுபாட்டை மறக்காதீங்க, பின்னால் தேவைப்படும்.

சோமனூர், பல்லடம் பக்கம் ராத்திரி ஒரு தெருவில் நடந்தால், சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் தறி ஓடுகிறது என்று எண்ணிவிடலாம். பாவு தீர்ந்து நிற்கும் தறி அந்தக் கணக்கில் வராது. ஒரு தறி மாதத்தில் எத்தனை நாள் ஓடும், எத்தனை நாள் நிற்கும் என்று தெரிந்தவர் மட்டும், கேட்ட சத்தத்திலிருந்து அந்தத் தெருவின் மொத்தத் தறிகளைச் சொல்லுவார். தறியே இல்லாத வீடுகளைச் சொல்ல இன்னொரு விகிதம் வேண்டும். எக்ஸ் கதிர் வானியலார் செய்வது அச்சாக இதே வேலை: வெடிப்பவை ஓடும் தறி, அடங்கியவை நிற்கும் தறி, துணையில்லாத கருந்துளைகள் தறியில்லாத வீடு.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1962 ஜூனில் ரிக்கார்டோ ஜியாக்கோனியின் குழு, நிலாவிலிருந்து எக்ஸ் கதிர் வருகிறதா என்று பார்க்க ஒரு ராக்கெட்டை அனுப்பியது. கிடைத்ததோ விருச்சிகத்தில் கண்ணைக் கூசும் ஒரு மூலம்: ஸ்கார்ப்பியஸ் எக்ஸ்-1. அது ஒரு நியூட்ரான் விண்மீன் இரட்டை என்பது பிறகுதான் தெளிவானது. 1970 டிசம்பரில் கென்யக் கடற்கரையிலிருந்து உஹுரு செயற்கைக்கோள் கிளம்பி வானம் முழுவதையும் எக்ஸ் கதிரில் வரைந்தது. 1978இல் ஐன்ஸ்டைன் ஆய்வகம். ஜியாக்கோனிக்கு 2002இல் நோபல். ஆனால் பால்வீதி மையத்தின் நெரிசலைப் பிரித்துப் பார்க்கும் கண் 1999 ஜூலையில்தான் வந்தது: சந்திரா எக்ஸ் கதிர் ஆய்வகம். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் அதற்கு. எந்த எடைக்கு மேல் வெள்ளைக் குள்ளன் (சூரியன் மாதிரி விண்மீன் எரிந்து தீர்ந்த பிறகு மிஞ்சும் எச்சம்) தாங்காது என்று சூரியனைப் போல் 1.4 மடங்கு என்ற எல்லையைக் கணக்கிட்டவர் அவர். அவர் பெயர் தாங்கிய தொலைநோக்கியே அந்த எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உள்ள விண்மீன் எச்சங்களை மையத்தில் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டுகிறது என்பதில் எனக்குத் தீராத மகிழ்ச்சி.

சந்திராவின் கூர்மை அரை விநாடிக் கோணம். முழு நிலாவின் விட்டம் சுமார் 1,800 விநாடிக் கோணம் என்று வைத்து இதை மதிப்பிட்டுக்கொள்ளுங்க. மையத்தில் ஒரு பார்செக், அதாவது 3.26 ஒளியாண்டு, வானில் சுமார் 25 விநாடிக் கோணமாகத் தெரியும். நிலா விட்டத்தில் எழுபதில் ஒரு பங்கு. அந்தச் சின்னப் பொட்டுக்குள் பத்து லட்சம் விண்மீன் அளவுக்கு நெரிசல் இருக்கிறது. நம் சூரியனைச் சுற்றி ஒரு பார்செக் தூரத்துக்குள் வேறு விண்மீன் ஒன்றுகூடக் கிடையாது. அடுத்த விண்மீனே 4.2 ஒளியாண்டு தள்ளித்தான்.

2003இல் மைக்கேல் முனோ குழுவினர், நிலா விட்டத்தில் பாதி அளவுள்ள சதுரத்தில் 2,357 எக்ஸ் கதிர்ப் புள்ளிகளைப் பட்டியலிட்டார்கள். 2009இல் பரப்பை இரண்டு டிகிரி நீளத்துக்கு விரித்ததும் பட்டியல் 9,017 ஆனது. "ஒன்பதாயிரம் எக்ஸ் கதிர் மூலங்கள்" என்று படித்தவுடனே பலர் அத்தனையும் கருந்துளை என்று எடுத்துக்கொள்கிறார்கள். இல்லவே இல்லை அம்மணி. அதில் பெரும்பாலானவை வெள்ளைக் குள்ளன் உள்ள இரட்டைகள். அங்கேயும் பக்கத்து விண்மீனிலிருந்து வாயு விழுகிறது. குள்ளனின் காந்தப்புலம் வலுவாக இருந்தால் வாயு துருவங்களில் போய் மோதி, கடினமான எக்ஸ் கதிரை விடும். வெள்ளைக் குள்ளன் பூமி அளவு பெரியது. நியூட்ரான் விண்மீன் ஒரு ஊர் அளவுதான். குள்ளன்மேல் விழுவது ஆழமில்லாத விழுகை, அதனால் ஒளியும் குறைவு. பெரும்பாலும் சூரியனின் மொத்த ஒளிர்வை எட்டாது. ஆனால் வெள்ளைக் குள்ளன்கள் எண்ணிக்கையில் மிக அதிகம், ஏனென்றால் சூரியன் மாதிரி விண்மீன்கள் அத்தனையும் கடைசியில் அப்படித்தான் ஆகின்றன. பால்வீதித் தளம் நெடுக மங்கலாகத் தெரிந்த எக்ஸ் கதிர் மூட்டம் எதனால் என்று நெடுநாள் வழக்கு இருந்தது. 2009இல் மிகைல் ரெவ்னிவ்ட்செவ் குழு சந்திராவை ஒரே இடத்தில் நீண்ட நேரம் நிறுத்திப் பார்த்து, இரும்பு அணுக்கள் விடும் நிறமாலை வரி அருகே வரும் அந்த ஒளியில் எண்பது சதவீதத்துக்கு மேல் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிந்துவிடுகிறது என்று காட்டியது. அதில் பெரும் பங்கு வெள்ளைக் குள்ளன் இரட்டைகளுக்குத்தான்.

அப்படியானால் இந்தக் கூட்டத்தில் கருந்துளை இரட்டையை எப்படிப் பொறுக்குவது? ஒரு மங்கலான புள்ளியிலிருந்து வரும் ஃபோட்டான்களை, அதாவது ஒளித்துகள்களை, ஒவ்வொன்றாகப் பதிகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் எந்த இடம், எந்த நேரம், எவ்வளவு ஆற்றல் என்று மூன்று விவரம். நாள்கணக்கில் தொலைநோக்கியைத் திருப்பி வைத்தும் ஒரு புள்ளிக்குச் சில நூறு ஃபோட்டான்கள் மட்டும் கிடைக்கும். அவற்றை ஆற்றல் வாரியாக அடுக்கினால், வெள்ளைக் குள்ளன் இரட்டையில் 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட் பக்கம் ஒரு மேடு எழும். கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் எலக்ட்ரான்களில் பெரும்பாலானவற்றை இழந்துவிட்ட இரும்பின் கையெழுத்து அது. கூடவே உயர்ந்த ஆற்றல் பக்கம் நிறைய ஃபோட்டான்கள் இருக்கும். அடங்கிக் கிடக்கும் கருந்துளை இரட்டையிலோ அந்த மேடு எழாது. ஆற்றல் கூடக்கூட ஃபோட்டான் எண்ணிக்கை ஒரே சீராகச் சரிந்துவிடும்.

இந்தச் சல்லடையை வைத்துத்தான் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹேலி குழு, பல ஆண்டுகளாகச் சேர்ந்த சந்திரா தரவை மறுபடி அலசி, 2018இல் முடிவை வெளியிட்டது. மையத்திலிருந்து ஒரு பார்செக்குக்குள் இருந்த பிரகாசமான புள்ளிகளில் பன்னிரண்டு, வெள்ளைக் குள்ளன்களைப் போல் இல்லாமல் தனி ஜாதியாக நின்றன. அவை மையத்தை நோக்கிக் குவிந்தும் இருந்தன. வெள்ளைக் குள்ளன் வகைப் புள்ளிகளோ அந்த ஒரு பார்செக்கைத் தாண்டியும் பரவலாகக் கிடந்தன.

அதற்கு முன்பே ஒரு தடயம் உண்டு. சந்திரா 1999இலிருந்து முதல் சில ஆண்டுகள் மையத்தைக் கண்காணித்தபோது, 23 பார்செக் தூரத்துக்குள் பத்து மடங்குக்கு மேல் ஒளி மாறிய மூலங்கள் ஏழு. அதில் நான்கு ஒரே ஒரு பார்செக்குக்குள் இருந்தன. அங்கே விண்மீன்கள் அதிகம்தான், ஆனால் விண்மீன் எடைக்கு எத்தனை என்று வகுத்துப் பார்த்தாலும் வெளியே உள்ளதைப் போல் இருபது மடங்கு. முனோ 2005இல் இதைச் சொன்னார். நெரிசலே இரட்டைகளை உண்டாக்குகிறது என்பதற்கான முதல் கண்கூடான சாட்சி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

அந்தப் பன்னிரண்டும் கருந்துளைதான் என்று எப்படிச் சொல்வது, நியூட்ரான் விண்மீனாக இருக்கக் கூடாதா? முன்னே மறக்காதீங்க என்று சொன்னது இங்கேதான் வருகிறது. 2006 முதல் ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஏறக்குறைய தினமும் மையத்தை ஒருமுறை எட்டிப் பார்த்து வந்திருக்கிறது. நியூட்ரான் விண்மீன் இரட்டைகளாக இருந்தால் இந்நேரம் சிலவாவது வெடித்துக் காட்டியிருக்க வேண்டும். இவை வாய் திறக்கவில்லை. ஐம்பது, அறுபது ஆண்டு மௌனம் கருந்துளை இரட்டைகளின் குணம். இதுதான் வாதம். நல்ல வாதம்தான், ஆனாலும் உங்கள் செமினாரில் இதன் பலவீனத்தையும் சேர்த்துச் சொல்லுங்க. பன்னிரண்டில் பாதி வரை மில்லி விநாடி பல்சார்களாக (விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் நியூட்ரான் விண்மீன்களாக) இருக்கக்கூடும் என்று ஹேலி குழுவே எழுதியிருக்கிறது. இந்தப் புள்ளிகளில் ஒரு பகுதியாவது காந்தப்புலமுள்ள வெள்ளைக் குள்ளன்களாக இருக்கலாம் என்று பின்னர் வாதிட்டவர்களும் உண்டு. என் மதிப்பீடு இது: ஒரு பார்செக்குக்குள் ஏதோ ஒரு வகை நெருக்க இரட்டைகள் குவிந்திருப்பது உறுதி. அதில் கருந்துளைகள் பெரும்பங்கு என்பது வலுவான ஊகம். சரியாக எத்தனை பங்கு என்பதை இருநூறு முந்நூறு ஃபோட்டான்களால் முடிவு கட்ட முடியாது.

பன்னிரண்டிலிருந்து நூறுகளுக்குப் போகும் படி எளிது. பிரகாசமானவை சில, மங்கலானவை பல என்பது எந்தக் கூட்டத்திலும் இருக்கும் ஒழுங்கு. நம் அக்கம்பக்கத்தில் அறிந்த கருந்துளை இரட்டைகளில் எத்தனை எவ்வளவு மங்கல் என்று தெரியும். அதே விகிதத்தில் சந்திராவின் பார்வைக்குக் கீழே நீட்டினால் முந்நூறு முதல் ஐந்நூறு வரை வருகிறது. அங்கிருந்து பத்தாயிரத்துக்குப் போவது, எத்தனை கருந்துளைக்கு ஒன்றுக்குத் துணை அமையும் என்ற விகிதத்தைப் பொறுத்தது. இந்தப் படிதான் மூன்றிலும் ஆட்டம் கூடியது. ஆனால் எதிர்த் திசையிலிருந்து, எக்ஸ் கதிரைத் தொடாமலே ஈர்ப்பியலை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டவர்களும் இருபதாயிரம் என்ற அளவுக்கு வந்திருக்கிறார்கள். இரண்டு வழியும் ஒரே வட்டாரத்தில் சந்திப்பதால்தான் எனக்கு இதில் நம்பிக்கை.

அந்த ஈர்ப்பியல் கணக்கே உங்கள் "ஏன் நடுவில் குவிகின்றன" என்ற கேள்விக்கும் பதில். எடை கூடிய ஒன்று, எடை குறைந்தவற்றின் கூட்டத்துக்குள் ஓடும்போது, சுற்றியிருப்பவற்றைத் தன் பின்னால் இழுத்து ஒரு அடர்த்தியை உண்டாக்கும். அந்த அடர்த்தி அதையே பின்னுக்கு இழுக்கும். வேகம் குறையும், பாதை சுருங்கும், மெல்ல மெல்ல மையத்துக்கு இறங்கும். பத்துச் சூரிய எடையுள்ள கருந்துளைகள் மையத்தைச் சுற்றிச் சில பார்செக் தூரத்தில் பிறந்திருந்தால், பால்வீதியின் வயதுக்குள் உள்ளே வந்து சேர்ந்துவிடும். லேசான விண்மீன்கள் அதற்கு ஈடாக வெளியே தள்ளப்படும். ஜான் பாக்காலும் ரிச்சர்ட் உல்ஃபும் பெருங்கருந்துளையைச் சுற்றி இப்படி ஒரு கூர்மையான குவியல் அமையும் என்று 1976லேயே கணக்கிட்டுவிட்டார்கள். பார்க்க 42 ஆண்டு ஆயிற்று.

இறங்கிவந்த கருந்துளைக்குத் துணை எப்படி அமைகிறது? பிறக்கும்போதே ஜோடியாகப் பிறந்து அப்படியே வந்தவை கொஞ்சம் இருக்கலாம். ஆனால் அங்குள்ள நெரிசலில், தளர்வாகக் கட்டுண்ட ஜோடிகளை வழிப்போக்கு விண்மீன்கள் அடித்துப் பிரித்துவிடும். அதனால் அங்கேயே புதிதாக அமைவதுதான் முக்கியம். ஒரு தனிக் கருந்துளை, ஒரு சாதாரண விண்மீனுக்கு மிக அருகே, அதன் ஆரத்தைப் போலச் சில மடங்கு தூரத்தில் உரசிக்கொண்டு போகிறது. விண்மீனில் பெரும் ஓதம் எழும்புகிறது. அந்த ஓதத்தை எழுப்பிய ஆற்றல் ஓட்ட வேகத்திலிருந்து கழிகிறது. போதுமான அளவு கழிந்தால் விண்மீன் தப்பிப் போக முடியாமல் மாட்டிக்கொள்ளும். நீண்ட பாதை சுருங்கி வட்டமாகி, கடைசியில் எக்ஸ் கதிர் இரட்டை. மாறாக மிகவும் நெருங்கிப் போய்விட்டால் விண்மீன் பிய்ந்துவிடும். பெருங்கருந்துளைக்கு மிக அருகில் எல்லாமே தலைதெறிக்கும் வேகத்தில் ஓடுவதால், அங்கே பிடிபடுவதை விடப் பிய்வதே அதிகம்.

நெரிசல்தான் காரணம் என்பதற்கு வெளிச் சாட்சிகளும் உண்டு. உருண்டைக் கொத்துகள் என்னும் கெட்டியான விண்மீன் கூட்டங்களில், ஒரே எடைக்கு ஒப்பிட்டால், எக்ஸ் கதிர் இரட்டைகள் வெளியே உள்ளதைப் போல் சுமார் நூறு மடங்கு என்று 1975லிருந்தே தெரியும். 25 லட்சம் ஒளியாண்டு தள்ளியிருக்கும் ஆண்ட்ரோமெடாவில் ராஸ்மஸ் வோஸும் மரத் கில்ஃபனோவும் 2007இல் பார்த்தது இன்னும் சுவாரசியம். அந்தக் கேலக்சியின் உள்மையத்தில் எக்ஸ் கதிர் இரட்டைகள் விண்மீன் எடையை வைத்து எதிர்பார்த்ததை விட மிகுந்திருந்தன. அந்த உபரி, விண்மீன் அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடியது. சந்திப்புகளால் உண்டாகும் எதுவும் இரண்டு அடர்த்திகளின் பெருக்கலாகத்தான் வர வேண்டும். ஆகவே அடர்த்தியின் வர்க்கம் கண்ணில் பட்டாலே, ஜோடிகள் அங்கேயே அமைந்தவை என்று அர்த்தம். செமினாரில் ஒரே ஒரு வரைபடம் போட நேரம் இருந்தால் இதைப் போடுங்க.

பெரிய துணை விண்மீன் உள்ள வகையும் ஒன்று உண்டு, சிக்னஸ் எக்ஸ்-1 மாதிரி. அவை சில பத்து லட்சம் ஆண்டுகளில் முடிந்துவிடும், புது விண்மீன்கள் பிறக்கும் இடங்களில்தான் கிடைக்கும். மையத்துப் பட்டியலில் அவை மிகச் சிலதான்.

மையத்தைக் கண்காணிப்பவர்களுக்கு எதிர்பாராத பரிசுகளும் கிடைத்திருக்கின்றன. 2013 ஏப்ரலில் பெருங்கருந்துளைக்குப் பக்கத்தில் திடீரென்று ஒரு வெடிப்பு. பெருங்கருந்துளையே எழுந்துவிட்டது என்று முதலில் பரபரப்பு. நூஸ்டார் செயற்கைக்கோள் அதில் 3.76 விநாடித் துடிப்பைக் கண்டதும்தான், அது மிகக் கடுமையான காந்தப்புலம் கொண்ட ஒரு நியூட்ரான் விண்மீன் என்று தெரிந்தது. 2016இல் அதே வட்டாரத்தில் இரண்டு புதிய மூலங்கள் மூன்று மாத இடைவெளியில் எழுந்தன. இரண்டையும் கருந்துளை இரட்டைகளாகவே பலர் கருதுகிறார்கள்.

இப்போது செமினார். இந்தியச் செயற்கைக்கோள் தரவைப் பயன்படுத்தலாம் என்ற ஆசை உங்களுக்கு வரும், வர வேண்டும். 2015 செப்டம்பர் 28இல் கிளம்பிய ஆஸ்ட்ரோசாட், ஒளி மாறும் வேகத்தை மிக நுணுக்கமாக அளக்கும். தனியாகப் பிரகாசமாக நிற்கும் இரட்டைகளுக்கு அது அருமையான கருவி. ஆனால் மையத்தின் நெரிசலைப் புள்ளி புள்ளியாகப் பிரிக்கும் கூர்மை அதற்கு இல்லை. மையத்துக்குச் சந்திராவின் தரவையே எடுங்க. தரவைக் கேட்டு வாங்கியவர்களுக்கு மட்டுமான காப்புக் காலம் முடிந்ததும் அது யாருக்கும் இலவசம்.

பேச்சின் நடுவில் பன்னிரண்டு மங்கல் புள்ளிகளோடு நிறுத்தாமல், கணக்குப் போட்டுக் காட்ட ஒரு பிரகாசமான புள்ளியையும் வையுங்க. ஏஎக்ஸ் ஜே1745.6−2901 என்று ஒன்று, மையத்திலிருந்து வானில் ஒன்றரை நிமிடக் கோணத்தில் தெரிகிறது. நியூட்ரான் விண்மீன் இரட்டை, 8.4 மணிக்கு ஒருமுறை துணை விண்மீன் குறுக்கே வந்து சுமார் 24 நிமிடம் எக்ஸ் கதிரை மறைக்கிறது. கூட்டு எடை சூரியனைப் போல் 2.3 மடங்கு என்று வைத்துக் கெப்ளரின் மூன்றாம் விதியைப் போடுங்க: இரண்டுக்கும் நடுவில் சுமார் 19 லட்சம் கிலோமீட்டர், நிலாவின் தூரத்தைப் போல் ஐந்து மடங்குதான். பிறகு 24 நிமிடத்தைக் கோணமாக மாற்றுங்க, ஏறக்குறைய 17 டிகிரி வரும். அதில் பாதியின் சைன் மதிப்பை இடைவெளியால் பெருக்கினால் துணை விண்மீனின் ஆரத்துக்குக் குறைந்தபட்ச எல்லை கிடைக்கும், சூரியனின் ஆரத்தில் சுமார் 0.4 மடங்கு. கண்ணீர்த்துளி வடிவத்தை நிரப்பும் விண்மீனுக்கு வர வேண்டிய ஆரமோ சுமார் 0.9 மடங்கு. இரண்டும் ஏன் பொருந்தவில்லை என்று அங்கே யாராவது கட்டாயம் கேட்பார்கள். சுற்றுத்தளம் நமக்கு நேர் விளிம்பாக இல்லாமல் சாய்ந்திருப்பதால், மறைப்பு விண்மீனின் நடுவழியாகப் போகாமல் ஓரமாக வெட்டிப் போகிறது என்று சொல்லி, கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுங்க. சாய்வு எவ்வளவு என்பதையும் அதே இரண்டு எண்களை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். வரும் விடையை எனக்கு எழுதுங்க, சரிபார்த்துச் சொல்கிறேன்.